உயிரோடு இருந்த பேச்சியம்மாள்

1

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெர்மனியில் நான் இருக்கும் பிரேமன் நகரத்தில் வழக்கமான சாரல் மழை. நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் இணையதளத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் வாட்ஸப் எண்ணில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. வளைகுடா நாட்டு எண். இப்படி நிறைய வரும். யாராவது பழைய துணி அனுப்பலாமா என்று கேட்பார்கள், பிறந்தநாளுக்கு ஒருவேளை சாப்பாடு போடலாமா என்று கேட்பார்கள். கை ஈரமாக இருந்ததால் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்திவிட்டுக் கரண்டியைப் பிடித்தேன்.

"அக்கா, ஒங்க இதுல ஒரு புள்ள பேசுது. நாயி பேரு கங்காணின்னு சொல்லுது. அது என் புள்ளக்கா. அம்மா செத்துப்போச்சுன்னு சொல்லுது. நான் சாகலக்கா. உசுரோடதான் இருக்கேன். எம்புள்ளகிட்ட யாரு இப்பிடிச் சொன்னது?"

அதற்குமேல் வார்த்தை இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். பின்னால் யாரோ ஒரு பெண் "சத்தம் போடாத, மேடம் வந்துரும்" என்று சொல்வது கேட்டது. பதிவு முடிந்துவிட்டது.

நான் அப்படியே நின்றேன். மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் ரைஹானா எழுந்து வந்து அடுப்பை அணைத்தாள். வெங்காயம் கரிந்திருந்தது.

"மாமா, என்ன ஆச்சு?" என்றாள்.

அவள் என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். ஜெர்மன் பிள்ளைகள் தாயை அழைப்பது அப்படி. போடியில் என் தம்பி மனைவிக்கு அதைக் கேட்டால் சிரிப்பு தாங்காது. அன்று எனக்கு அந்தச் சொல் காதில் ஏறவே இல்லை. போனைத் திரும்ப எடுத்து அதே பதிவை மறுபடியும் கேட்டேன். பிறகு மறுபடியும். ஈரக் கையில் வழுக்கி போன் கழுவுதொட்டியில் விழுந்தது.

2

யார் இந்தப் பிள்ளை, என்ன இணையதளம் என்று சொல்லிவிடுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்பது நிஜம்; அதை மாற்றினால் சொல்ல ஒன்றும் இல்லை.

என் பெயர் ஷமீமா. போடிநாயக்கனூரில் பிறந்தவள். அத்தா ஏலக்காய் வியாபாரி. எனக்கு விவரம் தெரிகிற வயதில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். தகப்பன் இறந்த பிள்ளையை எங்களில் 'எத்தீம்' என்பார்கள். எத்தீம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுப்பது நன்மை. அதனால் பெருநாள் அன்று என் தலையைத் தடவாத கை அந்தத் தெருவில் இருக்காது. அன்போடுதான் தடவினார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு என்ன சான்றிதழ் வேண்டும், யாரிடம் போய்க் கேட்க வேண்டும், அம்மாவுக்கு எந்த உதவி கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. தலை கலைந்ததுதான் மிச்சம்.

கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்து, கடைகளுக்கு இணையப் பக்கம் வடிவமைக்கும் வேலையில் சேர்ந்து, வருஷங்கள் ஓடிய பிறகு இந்த எண்ணம் வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் அதை வளர்க்கிற உறவுக்காரர்களுக்கும் தேவையான எல்லா விவரமும் ஒரே இடத்தில், பேச்சுத் தமிழில், போனில் திறந்தால் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். எந்த அலுவலகம், என்ன கேட்க வேண்டும், விடுதியில் சேர்க்குமுன் அங்கே என்னென்ன பார்க்க வேண்டும், சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி உண்டா? என்னோடு பள்ளியில் படித்த கலைச்செல்வி போடியில் வக்கீலாக இருந்தாள். அவளிடம் சொன்னேன்.

"அங்க உக்காந்துக்கிட்டு நீ கட்டு. இங்க அலையுற சோலிய நான் பாக்குறேன்" என்றாள். அப்படித்தான் தொடங்கியது.

இந்த நாட்டில் எதையும் பதிவு செய்யாமல் செய்ய முடியாது. சங்கம் என்று பதிய ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரைச் சேர்ப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. விண்ணப்பத்தில் நோக்கத்தை நானே எழுதினேன். ஜெர்மனில் அனாதைப் பிள்ளைக்கும் ஞானிக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், ஓர் எழுத்துத்தான் வேறு. நான் அந்த எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். அலுவலகத்தில் இருந்த அம்மையார் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தென்னிந்திய மலைத்தோட்டங்களில் உள்ள ஞானிகளுக்கு என்ன உதவி தேவைப்படுகிறது?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

திருத்தியபோது அவரே இன்னொரு சொல்லையும் சொல்லித் தந்தார். பெற்றோரில் ஒருவர் மட்டும் இறந்திருந்தால் இவர்கள் மொழியில் அந்தப் பிள்ளை 'பாதி அனாதை'. இத்தனை வருஷமும் என்னைச் சொல்ல இவர்களிடம் ஒரு சொல் இருந்திருக்கிறது!

தளம் வளர்ந்தது. அதில் ஒரு பகுதி பிள்ளைகளே பேசுவது. படம் கிடையாது, பெயர் கிடையாது, ஊர் கிடையாது. உரிய அனுமதி வாங்கி, பிள்ளையிடமும் கேட்டு, சம்மதித்தால் மட்டும் கலைச்செல்வி பதிவு செய்வாள். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று ஊரே பேசுகிறதே, அவர்கள் வாயால் ஒருமுறை கேட்கட்டும் என்பது எங்கள் எண்ணம். அதிகம் பேர் கேட்டது ஒரு பத்து வயதுப் பெண்ணின் பதிவு. இங்கே அவளைக் கௌசல்யா என்கிறேன்.

"எங்க அப்பா ஜீப்பு கவுந்து செத்துப்போனாரு. எங்க அம்மா அரபு நாட்டுல செத்துப்போச்சு. எங்க வீட்டுல ஒரு நாயி இருந்துச்சு, அது பேரு கங்காணி. வேலைக்குப் போறவங்க பின்னாடியே போயி எல்லாரையும் மேய்ச்சுக்கிட்டு நிக்கும், அதான் அந்தப் பேரு. அது இப்ப எங்க இருக்குன்னு தெரியல. எனக்கு டிரெஸ் எல்லாம் வேணாம். கங்காணி வேணும்."

இதைக் கேட்டு அழுததாக உலகம் முழுக்க இருந்து எழுதினார்கள். யாரோ ஒருவர் நாய்க்குட்டி வாங்கிக் கொடுப்பதாகக்கூடச் சொன்னார்.

3

அன்று சாயங்காலமே அந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே அழைத்தாள். மொட்டைமாடியில் துணி காயப்போட வந்திருப்பதாகவும் சீக்கிரம் இறங்க வேண்டும் என்றும் சொன்னாள்.

பெயர் பேச்சியம்மாள். ராசிங்காபுரத்துப் பக்கம் புகுந்த வீடு. புருஷன் மலையேறும் போடிமெட்டு ரோட்டில் ஜீப் கவிழ்ந்து இறந்தபின், வீட்டு வேலைக்கென்று வெளிநாடு வந்திருக்கிறாள். பிள்ளையைப் புருஷனின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். முதல் வீட்டில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அடி தாங்காமல் அங்கிருந்து ஓடி, தெரிந்த பெண்கள் மூலம் வேறு வீட்டில் ஒளிந்து வேலை பார்க்கிறாள். ஊர் எண்கள் எல்லாம் அந்த போனோடு போய்விட்டன. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் பக்கத்து வீட்டுக்காரியுடையது. அது மாறிவிட்டது. லீவில் ஊருக்குப் போன ஒருத்தியிடம் தகவல் சொல்லி அனுப்பினாள். அவள் போய்ச் சொன்னாளா என்றே தெரியவில்லை.

"புள்ள பெரியப்பா வீட்டுல நல்லா இருக்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான்க்கா நாள ஓட்டுனேன். இங்க கூட வேலை பாக்குற கம்பத்துக்காரி போன்ல போட்டுக் கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிச்சா. நானும் கேட்டேன். யாரு பெத்த புள்ளையோ பாவம்னு சொன்னேங்க்கா. என் வாயால சொன்னேன்."

காற்றில் துணி படபடக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"குரலு எனக்குத் தெரியலக்கா. நாயி பேரச் சொன்னப்பறந்தான் தெரிஞ்சுது."

தன் சாவைத் தன் மகள் குரலில் கேட்டிருக்கிறாள்; அது மகள் என்று தெரியாமல் இரக்கப்பட்டும் இருக்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது? அவள் சொல்வது உண்மைதானா என்று நான் சோதிக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு கொடுமை. பிள்ளையைப் பற்றிப் பதிவில் இல்லாத அடையாளம் ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"எடது கண்ணு இமைக்கு மேல தழும்பு இருக்கும். குத்துக்கல்லுல விழுந்தது. தூங்குறப்ப என் தாலிக்கயித்தப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். அவுக அப்பா போனப்பறம் கயிறு இல்லாம மூணு நாளு தூங்கவே இல்ல."

கலைச்செல்விக்குத் தகவல் அனுப்பினேன். கௌசல்யா இருக்கும் விடுதிக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு அவள் ஒரு வரி எழுதினாள்: "தழும்பு இருக்கு."

மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு ரொட்டிக் கடையின் இணையப் பக்கத்துக்கு நிறம் மாற்ற வேண்டும். காலையிலிருந்து ஒரே நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். ஒரு பெண் சாகவில்லை என்று சொன்னேன். என் ஜெர்மனில் ஏதோ பிழை என்று நினைத்து, "யாராவது இறந்துவிட்டார்களா? என் அனுதாபங்கள்" என்றார்.

4

கலைச்செல்வி ராசிங்காபுரத்துக்குப் போனாள். கௌசல்யாவின் பெரியப்பா முருகேசன் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாராம். நானும் பேச வேண்டும் என்பதற்காக அவள் என்னை அழைத்து போனை ஸ்பீக்கரில் வைத்தாள். அதற்குள் எனக்கு அந்த மனிதர்மேல் வெறுப்பு முற்றியிருந்தது. உயிரோடிருப்பவளைக் கொன்று, பிள்ளையை விடுதியில் தள்ளிவிட்ட ஆள் என்றே முடிவு செய்திருந்தேன்.

"அண்ணே, ஒங்க தம்பி சம்சாரம் பேச்சியம்மா உசுரோட இருக்காங்க. நேத்து எங்ககிட்டப் பேசுனாங்க" என்றாள் கலைச்செல்வி.

மோட்டார் ஓடும் சத்தம் மட்டும். பிறகு அவர் அதை நிறுத்தப் போனார் போல. அமைதியானது.

"என்னத்தா சொல்ற?"

அவள் மறுபடி சொன்னாள்.

"ஏஜென்ட்டு ஆபீஸ்ல இருந்துதான போன் வந்துச்சு! பேச்சியம்மா செத்துருச்சு, வேல பாக்கயில விழுந்துருச்சுன்னான். பாடி கொண்டாரணும்னா மாசக்கணக்குல ஆகும், அங்கயே அடக்கம் பண்ணச் சம்மதமான்னு கேட்டான். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன் தாயி. எம்பொஞ்சாதி மூணு நாளு சோறு திங்கல. பதினாறாம் நாளு காரியம் பண்ணி ஊருக்கே சோறு போட்டோம். அந்தச் சின்னப்புள்ள போட்டாவுக்கு மால போட்டுச்சு."

மண்வெட்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

"அப்ப நாங்க காரியம் பண்ணுனது யாருக்குத்தா?"

பிரேமனில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் பேருந்து வந்து, கதவு திறந்து, மூடி, போய்விட்டது. அந்தக் கேள்வியை நான் நினைத்தே பார்க்கவில்லை. பேச்சியம்மாள் சாகவில்லை என்பதோடு என் மனம் நின்றுவிட்டது. ஆனால் யாரோ ஒருத்தி விழுந்திருக்கிறாள். யாரையோ புதைத்திருக்கிறார்கள். இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முருகேசனுக்கு முதுகுவலி வந்து வேலை குறைந்தபோது, பிள்ளை படிக்கட்டும் என்று விடுதியில் சேர்த்திருக்கிறார். மாதம் தவறாமல் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர்மேல் நான் கொண்ட வெறுப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தமுறை பேச்சியம்மாள் மாடிக்கு வந்து அழைத்தபோது நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். திடீரென்று "அய்யோ" என்றாள். உரக்க இல்லை. மூச்சு விடுவது போல.

"அக்கா, அது எஸ்டேட்டு பேச்சியம்மாக்கா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தோம். ஒரே ஏஜென்ட்டு. பக்கத்துப் பக்கத்து வீட்டுல வேலை, தெனம் பாத்துப் பேசிக்குவோம். அவ போடிமெட்டுக்கு மேல எஸ்டேட்டு லயத்துக்காரி. ரெண்டு பேருக்கும் ஒரே பேரா இருக்குன்னு பிளேன்ல வர்றப்ப சிரிச்சோம். வெயில்ல தரை கழுவுறப்ப விழுந்து செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்க்கா. அவ ஊருக்குத் தகவல் போயிருக்கும்னுதான் நெனச்சேன்."

"போகலையா?" என்று அவளே கேட்டாள். பிறகு, "அவளுக்கு ரெண்டு புள்ளைக" என்றாள்.

5

எங்கே பிசகியது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஏஜென்ட் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. கலைச்செல்வி புகார் கொடுத்திருக்கிறாள். நடந்துகொண்டிருக்கிறது.

மலையில் இருக்கும் அந்த இரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில், தகப்பன் முன்பே இல்லாததால், அவர்களுடைய சித்தியோடு இருந்தார்கள். மூத்தவள் தனத்துக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டு சித்தியோடு காய் எடுக்கப் போகிறாள். தம்பி சூர்யா மூன்றாம் வகுப்பு. தாயிடமிருந்து தகவல் நின்று இரண்டு வருஷம் தாண்டிவிட்டது.

உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன் நான். கலைச்செல்வி மறுத்தாள்.

"ஒருக்கா வாய்வார்த்தைய நம்பி ஒருத்தியக் கொன்னாச்சு. மறுபடியும் வாய்வார்த்தைய நம்பி இன்னொருத்தியக் கொல்லச் சொல்றியா? தூதரகத்துல இருந்து உறுதியா வரட்டும்."

நியாயம்தான். ஆனால் அந்தக் காத்திருப்பு எனக்கு ஆகவில்லை. இரண்டு பிள்ளைகளின் தாய் இறந்தது எனக்குத் தெரிகிறது, பிரேமனில் ரொட்டி வாங்கிக்கொண்டு நிற்கிறேன், அவர்களுக்குத் தெரியாது. ரைஹானாவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். பொதுவாக 'உங்க ஊர்' என்று தொடங்கினாலே காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள். அன்று கேட்டாள். முடிந்ததும் ஜெர்மனில், "அந்தப் பெண் இப்போது அம்மா திரும்பி வருவாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாளா, அல்லது வெறுத்துக்கொண்டிருப்பாளா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

பேச்சியம்மாளைப் பல பேர் சேர்ந்து அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். தூதரகக் காப்பகத்தில் சில வாரம் இருந்தாள். எஸ்டேட் பேச்சியம்மாளின் சாவும் அங்கே உறுதியானது. "அவ புள்ளைககிட்ட நான் வந்து சொல்றேன். நீங்க யாரும் சொல்லாதீக. அவகூட இருந்தவ நான்தான்" என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் ஊர் திரும்பும் நாள் தெரிந்ததும் நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு போடிக்கு வந்துவிட்டேன்.

முதலில் கௌசல்யா. விடுதியின் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா வருகிறாள் என்று கலைச்செல்வி இரண்டு முறை வந்து பிள்ளையிடம் பேசியிருந்தாள், தாயும் மகளும் போனிலும் பேசியிருந்தார்கள். இருந்தும், உள்ளே வந்த பிள்ளை கதவருகிலேயே நின்றுவிட்டது. விடுதி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. பேச்சியம்மாள் எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"நீங்க செத்துட்டீங்கள்ல?" என்றது பிள்ளை.

நீங்க என்றாள். பெற்ற தாயை. பேச்சியம்மாளின் கை அப்படியே நின்றது.

"இல்ல தாயி. சாகல."

"ஒங்க போட்டாவுக்கு நான்தான் மால போட்டேன்."

"பெரியப்பா சொன்னாக. நல்லாப் போட்டியாமே."

பிள்ளை கிட்டே வந்தது. பேயைத் தொடுவது போல ஒரு விரலால் தாயின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தது. சூடாக இருந்திருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை. பேச்சியம்மாள் நகரவே இல்லை. மூச்சுக்கூட விட்டாளா தெரியாது. மெல்ல மெல்ல அந்த ஒரு விரல் உள்ளங்கையானது. வாசலில் முருகேசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

கட்டிப்பிடித்து அழுகிற காட்சியை நான் எதிர்பார்த்து வந்திருந்தேன். அது நடக்கவில்லை. அதற்கு இன்னும் நாளாயிற்று.

6

இன்றைய நிலவரம் இது. குழந்தைகள் நலக்குழு உத்தரவு கொடுத்து கௌசல்யா தாயோடு போடியில் இருக்கிறாள். பேச்சியம்மாள் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கப் போகிறாள். கங்காணி செத்துவிட்டதாம்; முருகேசன் சொல்லாமல் மறைத்திருந்தார். இனி எதையும் மறைக்க வேண்டாம் என்று அவரே பிள்ளையிடம் சொல்லிவிட்டார். தனம் மறுபடி பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். தம்பியும் அவளும் சித்தியிடமே வளர்கிறார்கள், விடுதிக்குப் போகவில்லை. அதற்கான உதவித்தொகையைக் கலைச்செல்வி அலைந்து வாங்கிக் கொடுத்தாள். எங்கள் தளத்தில் ஒரு புதுப் பக்கம் சேர்த்திருக்கிறோம்: வெளிநாடு போன தாயிடமிருந்து பேச்சு நின்றுபோனால் எங்கே கேட்பது, இறந்ததாகத் தகவல் வந்தால் அதை எப்படி உறுதி செய்வது. கௌசல்யாவின் பதிவை அவள் சொன்னபடி எடுத்துவிட்டோம். இதையெல்லாம் எழுதிவிடலாம். மலைமேல் தனம் இருந்த எஸ்டேட் லயத்தில் நடந்ததை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆனது.

வேலைநாளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் ஒன்றில்தான் மலை ஏறினோம். பேச்சியம்மாளின் புருஷனும் இதே ரோட்டில்தான் போனான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கண்ணை மூடவில்லை. மேலே போகப் போகக் குளிர்ந்தது. மெட்டைத் தாண்டியதும் பனி இறங்கி, ஏலச்செடியும் மரமும் ஒரே பச்சை மூட்டமாகத் தெரிந்தன.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். கடைசி அறை அவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். சித்தி எங்களைப் பார்த்ததும் ஏதோ விஷயம் என்று புரிந்துகொண்டாள். "வாங்க சேச்சி, இரிங்க" என்று பாயை விரித்தாள். சூர்யா வாசல்படியில் உட்கார்ந்து எதையோ கல்லால் தட்டிக்கொண்டிருந்தான். தனம் எங்களுக்குப் பால் இல்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். ஒல்லி. ஏலக்காய்ச் சாறு பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"ஒங்கம்மா கூட வெளிநாட்டுல இருந்தேன் தாயி" என்று தொடங்கினாள் பேச்சியம்மாள். "எம்பேரும் பேச்சியம்மாதான்."

தனத்தின் முகம் இறுகியது. "அவுகளப் பத்திப் பேச வந்தீகன்னா வேணாம். எங்களுக்கு அம்மா இல்ல."

"தனம்" என்று சித்தி அதட்டினாள்.

"நெசந்தான சித்தி? புடிக்கலன்னா ஒரு போன் போட்டு வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல. அங்கயே யாரையாச்சும் கட்டிக்கிட்டு நல்லா இருக்கட்டும். இவன்தான் தெனம் ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நான் அவன்கிட்டச் சொல்லிட்டேன். அம்மா நம்மள வேணாம்னுட்டுப் போயிருச்சு, இனிமே கேக்காதன்னு."

பேச்சியம்மாள் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். தனம் உதறவில்லை. பார்க்கவும் இல்லை.

"தாயி, ஒங்கம்மா செத்துப்போச்சு. போன் நின்னுச்சுல்ல, அப்பவே. வேல பாக்குறப்ப விழுந்துருச்சு. தகவலு தப்பி என் வீட்டுக்குப் போயிருச்சு. ஒங்களுக்கு யாரும் சொல்லல."

சித்தி தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப, அது எங்கள விட்டுட்டுப் போகலையா?"

"இல்ல தாயி. ஒங்க பேச்சு இல்லாம ஒரு நாளு கூட இருந்ததில்ல. இவனுக்கு விழுந்த முன்பல்லு முளைச்சிருக்குமான்னு கேட்டுக்கிட்டே இருப்பா."

தனம் கையை விடுவித்துக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சூர்யா இன்னும் அந்தப் படியில்தான் இருந்தான். சித்தி அழுவதைப் பார்த்து பயந்து, கல்லைக் கையில் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் குந்தி, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முகத்திலோ நான் அதுவரை பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"டேய், அம்மா நம்மள வேணாம்னு போகலடா. அக்கா ஒன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்டா. அம்மா செத்துத்தான்டா போச்சு."

ஒரு நல்ல சேதியைச் சொல்வதுபோல் அதைச் சொன்னாள்.